ஓர் அட்டைப்படம் கற்றுத்தந்த பாடம்

சென்ற ஆண்டின் எமது கல்லூரிச் சஞ்சிகை உங்கள் வீட்டில் இருந்தால் அதன் முகப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரு பன்பாய். அதன்மேல் விரித்து வைக்கப்பட்ட நான்கு பழைய சஞ்சிகைகள். மேலே சஞ்சிகையின் பெயர், கீழே ஆண்டு. ஆள்முகம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோனபோது என் நானா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா ரெண்டு மாசம் மினக்கெட்டீங்க?" என்று கேட்டார்.

இரண்டு மாதங்கள் சென்றது உண்மைதான். இந்த முகப்புக்கு முன்னர் வேறு இரண்டு முகப்புகளைச் செய்து இரண்டையும் கைவிட்டோம். அவற்றை ஏன் கைவிட்டோம் என்பதே நாம் கற்ற பாடம். இவ்வருடம் இந்தப் பொறுப்பை ஏற்கவிருக்கும் தங்கைகளுக்குப் பயன்படட்டும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

செயற்றிட்டம்

தரம் 12 இல் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்துக்கு எமக்கு ஒரு குழுச் செயற்றிட்டம் தரப்பட்டது. "சஞ்சிகை ஒன்றுக்கு முகப்பு வடிவமைத்தல்" என்பது எமது குழுவுக்குக் கிடைத்த தலைப்பு. நாம் ஐந்து பேர். நன்றாக அமைந்தால் அதையே கல்லூரிச் சஞ்சிகைக்கு எடுத்துக்கொள்வதாக டீச்சர் சொன்னதும் எமக்குத் தலைகால் புரியவில்லை. கணினியைத் திறக்கப் போனோம். டீச்சர் தடுத்துவிட்டார். "முதலில் பழைய முகப்புகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார்.

நூலகத்தின் அலுமாரியிலிருந்த பழைய சஞ்சிகைகளை மேசையில் பரப்பினோம். நூலகம் என்ற இணையத்தளத்தில் உள்ள ஈழத்து இதழ்களின் முகப்புகளையும் பார்த்தோம். ஒரு முகப்பில் என்னென்ன உறுப்புகள் உண்டு என்று அப்போதுதான் பட்டியலிட்டோம்.

முகப்பின் உறுப்புகள்

முதலாவது பெயர். இது வாசகரோடு பேசும் முதற்சொல். 1882 இல் அறிஞர் சித்திலெப்பை தொடங்கிய பத்திரிகையின் பெயர் "முஸ்லிம் நேசன்". அது யாருக்காக, எந்த உறவோடு வருகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பெயரின் எழுத்துவடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடாது. மாறினால் வாசகருக்கு அது வேறொரு சஞ்சிகையாகத் தெரியும்.

இரண்டாவது அடையாளம். "டைம்" சஞ்சிகையின் சிவப்புக் கரையும் "நெஷனல் ஜியோகிரபிக்" சஞ்சிகையின் மஞ்சள் கரையும் உலகறிந்தவை. டைம் அந்தச் சிவப்புக் கரையை 1927 முதல் வைத்திருக்கிறது. பெயரைக் கையால் மறைத்தாலும் சஞ்சிகையை அடையாளம் காணலாம். எமது பழைய இதழ்களில் அப்படித் தொடர்ந்து வந்தது கல்லூரிச் சின்னம் மட்டுமே. அதுவும் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மூலையில் இருந்தது.

மூன்றாவது மையப்படம். நான்காவது ஆண்டு, இதழ் எண் போன்ற விபரங்கள். ஐந்தாவது முதுகு. சஞ்சிகையை அலுமாரியில் அடுக்கினால் கண்ணில் படுவது முதுகு மட்டுமே. ஆனாலும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். எமது அலுமாரியிலும் பாதிச் சஞ்சிகைகளின் முதுகில் ஓர் எழுத்தும் இல்லை. ஆண்டைத் தேடி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலாவது முகப்பு

இவ்வளவும் படித்துவிட்டு நாம் செய்த முதல் முகப்பு இதுதான்: நீலவானம், அதன்கீழ் பொன்னிறக் குப்பாக்கள், ஒரு பறக்கும் புறா, திறந்த புத்தகம், புத்தகத்திலிருந்து எழும் ஒளி, ஓரத்தில் புத்தகத்தைப் பார்த்துப் புன்னகைக்கும் ஒரு பெண். எல்லாம் இணையத்தில் எடுத்தவை. கென்வாவில் ஒரே மாலையில் முடித்துவிட்டோம். எமக்கு அது மிக அழகாக இருந்தது.

டீச்சர் நெடுநேரம் பார்த்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்.

"இந்தப் பெண் யார்?"

தெரியாது.

"இந்தப் பள்ளிவாசல் எங்கே இருக்கிறது?"

தெரியாது.

"பெயரை மறைத்துவிட்டால் இதை எந்தக் கல்லூரியின் சஞ்சிகை என்று சொல்லலாம்?"

எந்தக் கல்லூரி என்றும் சொல்லலாம். அதாவது எமது கல்லூரி என்று சொல்ல எதுவும் இல்லை.

இன்னொரு விடயத்தையும் அவர் விளக்கினார். இணையத்தில் தேடினால் கிடைக்கிறது என்பதற்காக ஒரு படம் எமக்குச் சொந்தமாகிவிடாது. எமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. புகைப்படங்களும் அதில் பாதுகாக்கப்படும் ஆக்கங்களே. எடுத்தவரின் அனுமதி வேண்டும், அல்லது யாரும் பயன்படுத்தலாம் என்று உரியவரே அனுமதித்த படமாக இருக்க வேண்டும். "மற்றவரின் கொப்பியைப் பார்த்து எழுதினால் அது களவு என்று தெரிகிற உங்களுக்கு இது மட்டும் தெரியாதா?" என்றார். தலை குனிந்தோம். முதலாவது முகப்பு அன்றோடு போனது.

இரண்டாவது முகப்பு

"எமது கல்லூரியில் எமது கையால் எடுத்த படம்" என்று முடிவு செய்தோம். ஒரு வாரம் இடைவேளைகளில் கைப்பேசியும் கையுமாக அலைந்தோம். வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் எடுத்த படங்களில் முகங்கள் எல்லாம் நிழலாகிப் போயின. காலை ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில் சரிந்து விழும் வெளிச்சமே நல்லது என்று பட்டறிந்தோம்.

அப்படி ஒரு காலையில், வேப்பமரத்தடிச் சீமெந்து வாங்கில் தரம் 6 மாணவி ஒருத்தி தனியே இருந்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். இலைகளுக்கு ஊடாக வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. வாய் இலேசாகச் சிரித்துக்கொண்டிருந்தது. நாம் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பன்னிரண்டு படங்கள் எடுத்தோம். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அதில் ஒரு படத்தை முகப்பாக்கினோம். அவளுடைய பர்தாவின் ஓரம் நைந்து, வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது. சப்பாத்தின் முன்பக்கம் பிளந்திருந்தது. அவை படத்துக்கு இன்னும் அழுத்தம் தருவதாகவே நமக்குப் பட்டது. கீழே "வறுமையிலும் வாடாத வாசிப்பு" என்று ஒரு வரியும் சேர்த்தோம். வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். செயற்றிட்டப் புள்ளிகளில் எமது குழுவே முதலாவதாக வந்தது. மாதிரிப் பிரதி ஒன்றை விளம்பரப் பலகையில் ஒட்டினோம்.

மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையின் உம்மா கல்லூரிக்கு வந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. எம்மை ஏசவும் இல்லை. டீச்சரின் அறையில் கதிரையின் நுனியில் இருந்து, படத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "புள்ளையள் வடிவாத்தான் எடுத்திரிக்கீங்க. ஆனா எங்கட ஊட்டுக் கஷ்டத்த ஊருக்குக் காட்டினாப் போல இரிக்கி. அவ நேத்து ஸ்கூலுக்குப் போகமாட்டன் எண்டு அழுதா. கேட்டிருந்தா நான் நல்ல பர்தாவ உடுத்தி அனுப்பியிருப்பனே."

எமக்கு வார்த்தை வரவில்லை. பன்னிரண்டு படங்கள் எடுத்திருக்கிறோம். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவள் பெயர்கூட எங்களில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அவளைப் பற்றி ஒரு வரியை எழுதி, அதை எல்லோரும் போகும் வழியில் ஒட்டியிருக்கிறோம்.

அன்றே பலகையிலிருந்து படத்தைக் கழற்றினோம். கைப்பேசிகளில் இருந்த பிரதிகளையும் அழித்தோம். மறுநாள் நாங்கள் ஐவரும் அந்தப் பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். அவள் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காக, "அன்றைக்கு என்ன வாசித்துச் சிரித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"ராத்தாட கவிதை" என்றாள்.

நான்கு வருடங்களுக்கு முந்திய எமது கல்லூரிச் சஞ்சிகைதான் அவள் கையில் இருந்திருக்கிறது. அதில் அவளுடைய மூத்த ராத்தா எழுதிய கவிதை வந்திருந்தது. அவள் வறுமையை வென்றுகொண்டிருக்கவில்லை. தன் ராத்தாவின் பெயரை அச்சில் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தாள். முன்பே கேட்டிருந்தால் அந்த உண்மை எமக்குக் கிடைத்திருக்கும்.

முகமும் பெயரும்

அதன் பிறகு டீச்சர் எமக்கு இரண்டு உதாரணங்களைக் காட்டினார். இரண்டும் "நெஷனல் ஜியோகிரபிக்" சஞ்சிகையின் முகப்புகளே.

முதலாவது 1982 பெப்ரவரி இதழ். எகிப்தின் கீஸாப் பிரமிட்டுகள் அகலவாட்டில் எடுக்கப்பட்ட படம். முகப்போ நெடுவாட்டில் உள்ளது. படத்தைப் பொருத்துவதற்காகக் கணினியில் பிரமிட்டுகளை ஒன்றுக்கொன்று நெருக்கமாக நகர்த்திவிட்டார்கள். பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் அப்படி ஒரு காட்சி அங்கே இல்லை. அது பெரும் விமர்சனத்துக்கு உள்ளானது. இன்றும் ஊடக ஒழுக்கம் படிப்பவர்களுக்கு அதை உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

இரண்டாவது 1985 ஜூன் இதழ். பாகிஸ்தானில் இருந்த அகதி முகாம் ஒன்றில் 1984 இல் எடுக்கப்பட்ட பச்சைக் கண்களுடைய ஆப்கானியச் சிறுமியின் படம். உலகமே அந்த முகத்தை அறிந்திருந்தது. ஆனால் அவருடைய பெயர் ஷர்பத் குலா என்பது 2002 இல் அவரைத் தேடிக் கண்டுபிடித்த பின்னர்தான் உலகுக்குத் தெரிந்தது. பதினேழு வருடங்கள் அவர் பெயரில்லாத ஒரு முகமாக இருந்திருக்கிறார்.

இதற்கு மாறான ஒரு வழியும் உண்டு, அது எமது நாட்டிலேயே இருக்கிறது. டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய "மல்லிகை", எழுத்தாளர்களினதும் கலைஞர்களினதும் உருவப்படங்களை முகப்பில் இட்டு, அவர்களைப் பற்றிய அறிமுகத்தையும் உள்ளே வெளியிட்டு வந்தது. முகப்பில் முகம் வைப்பது தவறன்று. பெயரோடும் அவருடைய கதையோடும் வைத்தால் அது கண்ணியம். அவர் அறியாமல் எடுத்து, அவருக்கு நாமே ஒரு கதையைக் கட்டி வைத்தால் அது அவமதிப்பு. மாணவி ஒருத்தியின் படமென்றால் அவளுடைய விருப்பத்தோடு பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

பிறர் வீட்டுக்குள் ஸலாம் சொல்லி, அனுமதி கேட்ட பிறகே நுழைய வேண்டும் என்ற ஒழுக்கத்தை ஸூரா அந்நூரின் 27 ஆவது வசனம் எமக்குக் கற்பிக்கிறது. சிறு வயது முதல் ஓதி வருகிறோம். வாசற்கதவுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று நினைத்திருந்தேன். ஒருவருடைய முகமும் அவருடைய வீடுதான், அது எமது கைக்கு வரும்போது அமானிதம் ஆகிறது என்பதை அந்த உம்மா கதிரையின் நுனியில் இருந்த அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

மூன்றாவது முகப்பு

அச்சுக்குக் கொடுக்க ஒன்பது நாட்களே இருந்தன. "அந்தப் பிள்ளை வாசித்த பழைய சஞ்சிகையையே முகப்பில் வைத்தால் என்ன?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நான்கு பழைய இதழ்களை எடுத்தோம். வகுப்பு மேசையில் வைத்துப் பார்த்தோம், உயிரில்லை. டீச்சரின் அனுமதியோடு அந்த உம்மாவின் வீட்டுக்குப் போனோம். அவர் பாய் இழைப்பவர் என்று அன்றுதான் தெரிந்தது. இம்முறை முதலில் கேட்டோம். அவர் உள்ளே போய், சிவப்பும் பச்சையும் கரையிட்ட புதுப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்தில் விரித்தார். அதன்மேல் சஞ்சிகைகளை வைத்து, கதிரையில் ஏறி நின்று மேலிருந்து படம் எடுத்தோம்.

இனித் தொழில்நுட்ப விடயங்கள். இவற்றில் நாம் பட்ட அவதியைத் தங்கைகள் படத் தேவையில்லை.

படத்தின் தெளிவு: அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்கள் வேண்டும். ஏ4 தாள் 210 மில்லிமீற்றர் அகலம், 297 மில்லிமீற்றர் உயரம். எனவே படம் குறைந்தது 2480 பிக்சல் அகலமும் 3508 பிக்சல் உயரமும் இருக்க வேண்டும். 1200 பிக்சல் அகலமான படம் நான்கு அங்குலத்துக்கு மேல் தெளிவாக வராது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். கோப்பாக அனுப்புங்கள்.

வெட்டுவிளிம்பு: தாளை வெட்டும்போது கத்தி சற்று விலகலாம். ஆகவே நான்கு பக்கமும் படம் 3 மில்லிமீற்றர் கூடுதலாக இருக்க வேண்டும். எழுத்துகளை விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றராவது உள்ளே தள்ளி வையுங்கள்.

முதுகின் தடிப்பு: எமது சஞ்சிகை 160 பக்கம். ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. 160 ஐ 0.1 ஆல் பெருக்கி 16 மில்லிமீற்றர் என்று கொண்டுபோய்க் கொடுத்தோம். அச்சகத்து நானா சிரித்தார். "தங்கச்சி, ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம்." ஆக 80 தாள், 8 மில்லிமீற்றர். முன், முதுகு, பின், இருபுற வெட்டுவிளிம்பு எல்லாம் சேர்த்து முழு அகலம் 434 மில்லிமீற்றர். கணித பாடத்தில் ஏ எடுத்தவர்கள் எங்களில் மூவர் இருந்தோம்!

தமிழ் எழுத்து: பாமினி எழுத்துருவில் தட்டெழுதியதை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யுனிகோட்டில் எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் போட்டோஷொப் போன்ற மென்பொருள்களில் தென்னாசிய எழுத்துகளுக்குரிய தெரிவைச் செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும். அச்சுக்கு முன் ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், கண் மட்டும் போதாது. ஆண்டையும் பெயரையும் குழுவில் இல்லாத ஒருவரைக் கொண்டு சரிபாருங்கள்.

நிறம்: கணினித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறங்களைக் காட்டுகிறது. அச்சு இயந்திரம் நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு மைகளால் நிறங்களை உண்டாக்குகிறது. திரையில் பளிச்சென்று தெரியும் நிறம் தாளில் மங்கும். நாம் மாதிரி அச்சு எடுத்துப் பார்க்கவில்லை. பாயின் சிவப்புக் கரை மண்ணிறம் கலந்தாற்போல் வந்துவிட்டது. உங்கள் கையிலுள்ள பிரதியில் அந்தக் குறையைக் காணலாம். ஒரு மாதிரி அச்சு எடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

தங்கைகளுக்கும் பெற்றோருக்கும்

தங்கைகளே, முகப்பை வடிவமைக்க முன்னர் இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இது எமது கல்லூரிக்கு மட்டுமே உரிய படமா? இதை எடுத்தவர் யார்? இதில் உள்ளவரிடம் கேட்டோமா? நாம் எழுதிய வரி உண்மையா, அல்லது எமது கற்பனையா? இந்த இதழ் அவருடைய வீட்டு மேசையில் இருக்கும்போது அவர் அதைத் திருப்பி வைப்பாரா, நிமிர்த்தி வைப்பாரா?

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் படங்கள் இன்று சஞ்சிகையில் மட்டும் வருவதில்லை. பரிசளிப்பு, விளையாட்டுப் போட்டி, உதவிப் பொருள் வழங்கல் என்று எங்கும் கைப்பேசிகள் இருக்கின்றன. உதவி பெறும் பிள்ளையின் முகம் அடுத்த நிமிடமே முகநூலில் இருக்கிறது. பிடிக்காவிட்டால் வந்து சொல்லுங்கள். அந்த உம்மா அன்று வந்து சொன்னதால்தான் நாம் கற்றோம்.

செயற்றிட்டத்துக்கு எமக்குக் கிடைத்த கூடிய புள்ளிகள் இரண்டாவது முகப்புக்கே. மூன்றாவது முகப்புக்குப் புள்ளி எதுவும் இல்லை. சஞ்சிகை வெளியீட்டு விழாவன்று அந்த உம்மா தன் இளைய மகளோடு வந்திருந்தார். பிள்ளை முகப்பை அதிகம் பார்க்கவில்லை, நேரே உள்ளட்டையைத் திருப்பினாள். அங்கே சிறிய எழுத்தில் "அட்டைப்படப் பாய்" என்று போட்டு அவளுடைய உம்மாவின் பெயரை அச்சிட்டிருந்தோம், அவரிடம் கேட்டுத்தான். அவள் விரலால் அதைத் தொட்டு உம்மாவுக்குக் காட்டினாள். பிறகு, அன்று வேப்பமரத்தடியில் சிரித்தது போலவே சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நாங்கள் யாரும் படம் எடுக்கவில்லை.